நாலாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் மிச்சம்

ஜவ்வாது மலை பலாமரத்தூர் சின்னராஜ் இந்த வருஷம் மிச்சம் பிடித்த தொகை நாலாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய். இதை நான் சொல்லவில்லை. 'மிச்சமேளா' என்கிற இணையக் கடை சொல்கிறது. ஒரு தடவை சொல்லி ஓயவும் இல்லை. பதினேழு நாளில் இருபத்து மூன்று தடவை செய்தி அனுப்பிச் சொல்லிவிட்டது. அவ்வளவு பெரிய கடை அத்தனை தடவை சொன்னால் அதில் உண்மை இல்லாமல் போகுமா? அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்றுதான் சின்னராஜ் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

சின்னராஜுக்கு இரண்டு ஏக்கர் சாமை, ஏழு புளியமரம், அம்மாக்கண்ணு என்று ஒரு மனைவி, கோகிலவாணி என்று ஒரே மகள். கோகிலவாணி காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதித் தேர்வுக்கு அழைக்கப்பட்டிருந்தாள். இது இரண்டாவது முறை. முதல் முறை வேலூர் மைதானத்தில் நானூறு மீட்டர் ஓடும்போது கோட்டை விட்டாள். மலையில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த பெண்தான், ஆனால் மைதானம் மலை இல்லையே. அவள் முறை வந்தபோது மணி பதினொன்றரை. தரை தோசைக்கல் மாதிரி காய்ந்திருந்தது. கடைசி வளைவில் உள்ளங்கால் கொப்பளித்து, மூன்று நொடித் தாமதத்தில் வேலை போயிற்று.

இந்த முறையும் தவறினால் மறுபடி எப்போது ஆள் எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவளோடு படித்த பெண்களெல்லாம் கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்குப் போய்விட்டார்கள். ஆள் பிடிக்கிற வேன் மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்குள் வந்து, "உங்க பொண்ணு எப்போ?" என்று விசாரித்துவிட்டுப் போகும். "ஓடி முடிக்கட்டும்" என்று சின்னராஜ் சொல்லியிருந்தார். ஆகையால் இந்த முறை ஷூ போட்டு ஓடுவது என்று வீட்டில் முடிவானது.

மலைக்குக் கீழே கண்ணமங்கலத்தில் ஜீவானந்தம் செருப்புக் கடை இருக்கிறது. அங்கே ஓடுகிற ஷூ எண்ணூற்றைம்பது ரூபாய். உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம், கடைக்குள்ளேயே நாலு அடி நடந்தும் பார்க்கலாம். சின்னராஜ் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அந்தக் கடையில் ஒரே ஒரு குறை. எண்ணூற்றைம்பது என்று அட்டையில் எழுதியிருந்ததே தவிர, அதற்கு மேலே எந்த விலையையும் எழுதி அடிக்கவில்லை.

மிச்சமேளாவில் அப்படி இல்லை. பெயர்பெற்ற கம்பெனி ஷூவின் படம். அதன் கீழே ஐயாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதி அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொன்பது. அதற்கும் கீழே பச்சை எழுத்தில், 'உங்கள் மிச்சம் ரூ.4,250'. எண்ணூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினால் செலவு எண்ணூற்றைம்பது. மிச்சம் ஒன்றும் இல்லை. ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொன்பதுக்கு வாங்கினால் நாலாயிரத்து இருநூற்றைம்பது மிச்சம். இந்தக் கணக்குப் புரிய ஒருவருக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சின்னராஜ் எட்டாவதுதான், அவருக்கே புரிந்துவிட்டது.

கோகிலவாணி ஊருக்கு மேலே இருக்கும் சிக்னல் பாறையில் ஏறி ஆர்டர் போட்டாள். ஊரில் கைபேசி எடுக்கும் இடம் அது ஒன்றுதான். பணம் கட்டும் நேரத்தில் ஆப் அவளைத் தடுத்து நிறுத்தியது. 'சற்றுப் பொறுங்கள்! இன்னும் ரூ.251-க்குப் பொருள் சேர்த்தால் அனுப்பும் கட்டணம் ரூ.99 மிச்சம்!' என்றது. தொண்ணூற்றொன்பது ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக இருநூற்று ஐம்பத்தொன்பது ரூபாய்க்கு ஒரு தொப்பி சேர்த்தாள். தொப்பியில் மிச்சமேளா என்று பெரிதாக எழுதியிருந்தது. புளி விற்ற பணம் அதோடு தீர்ந்தது.

ஐந்தாம் நாள் சின்னராஜ் பாறையில் ஏறியிருந்தபோது ரஞ்சித்குமார் என்பவர் போன் செய்தார். கண்ணமங்கலம் பக்கம் மிச்சமேளா பார்சல் கொடுக்கிறவர்.

"பார்சல் வந்துருக்குதுங்க. கீழ வந்து வாங்கிக்கறீங்களா?"

"வூட்டு வாசல்ல குடுப்பாங்கன்னு போட்டிருந்துச்சேப்பா."

"மலைக்கு மேல வண்டி ஏறுனா எனக்கு பெட்ரோல் காசு குடுக்க மாட்டாங்கண்ணா. நீங்க வந்துட்டா நல்லாருக்கும்."

சின்னராஜ் காலை பஸ்ஸில் இறங்கிப் போய், ரஞ்சித்குமாருக்கு ஒரு பை புளியும் கொடுத்து, பார்சலை வாங்கிக்கொண்டு மாலை பஸ்ஸில் ஏறி வந்தார். 'உங்கள் வாசலில் வெற்றிகரமாக ஒப்படைக்கப்பட்டது' என்று செய்தி வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். ஆப்பில் சுண்டைக்காய் பகுதியை மட்டும்தான் காட்டுவார்கள்.

வீட்டில் பெட்டியைச் சாமிக்கு முன்னால் வைத்துப் பிரித்தார்கள். புதுத்துணி எடுத்தால் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமல் அம்மாக்கண்ணு யாரையும் உடுத்த விட்டதில்லை. மஞ்சள் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தவள் ஷூவைப் பார்த்ததும் தயங்கினாள்.

"கால்ல போடறதுக்கு மஞ்ச வெக்கலாமா?"

"செருப்புக்குத்தான் வெக்கறது இல்ல," என்றார் சின்னராஜ். "இது ஐயாயிரத்து ஐந்நூறு ரூவா ஷூ. நீ கட்டியிருக்கற சீல இன்னா வெல?"

அம்மாக்கண்ணு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். யார் கண்ணிலும் படாதபடி, ஷூவின் நாக்கைத் தூக்கி, உள்பக்கம் கடலை அளவு மஞ்சள் வைத்தாள். இரண்டு ஷூவிலும் வைத்தாள். தொப்பிக்கும் வைத்தாள். பிறகு கோகிலவாணி காலை உள்ளே விட்டாள். பெட்டியில் அளவு ஐந்து என்று போட்டிருந்தது. ஷூவோ எட்டு. அவள் காலோடு சின்னராஜின் ஒரு கையும் உள்ளே போகும் போலிருந்தது.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் கோகிலவாணி பாறையில் ஏறி, ஆப்பில் உதவி செய்யும் 'மிச்சமித்ரா'வுக்கு எழுதினாள். அது ஆள் இல்லை, ஆனால் ஆளை விட மரியாதையாகப் பேசும்.

'ஷூ அளவு மாறி வந்திருக்கிறது' என்று எழுதினாள்.

'மிக அருமை கோகிலவாணி! ஷூ பிரிவில் இன்று எழுபது சதவீதத் தள்ளுபடி!' என்றது.

ஐந்து தடவை எழுதிய பின்பு அதற்குப் புரிந்தது. 'நீங்கள் கேட்டது 5. பெட்டியில் இருப்பது 5. எனவே எங்கள் பக்கம் பிழை இல்லை. உங்கள் பாதத்தை அளவுகோலுடன் படம் எடுத்து அனுப்பவும்' என்றது. வலது கால், இடது கால், மேலிருந்து, பக்கத்திலிருந்து என்று எட்டுப் படம் போயிற்று. இரண்டு நாள் பரிசீலித்து, 'வாழ்த்துகள்! உங்கள் பாதம் 5 என்று உறுதி செய்யப்பட்டது!' என்று பதில் வந்தது. இருபத்து மூன்று வருஷமாகத் தன் காலில் தானே நின்றவளுக்கு அன்றுதான் அதற்கு அத்தாட்சி கிடைத்தது.

மாற்றுவதற்காகச் சின்னராஜ் ஷூவைத் தூக்கிக்கொண்டு மறுபடி கண்ணமங்கலம் இறங்கினார். ரஞ்சித்குமார் கைபேசியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அடிப்பாகத்தில் மண் இல்லை. கயிறு இருக்கிறது. நாக்கைத் தூக்கினார்.

"இன்னாண்ணா இது?"

"மஞ்சள்ப்பா. புதுசுன்னா வெப்போம்ல."

ரஞ்சித்குமார் ஷூவின் நாக்கை மெல்ல மூடினார். "எங்க வூட்லயும் வெப்பாங்கண்ணா. ஆனா கறை இருக்குதா இல்லையான்னு இதுல கேக்குது. இருக்குதுன்னு போட்டா எடுக்க வுட மாட்டாங்க. இல்லன்னு போட்டா என் சம்பளத்துல புடிச்சிடுவாங்க."

"இருக்கறத இருக்குதுன்னே போடுப்பா," என்றார் சின்னராஜ். வேறென்ன சொல்வார்?

மாலை செய்தி வந்தது: 'பயன்படுத்திய பொருள். மஞ்சள் நிற அந்நியக் கறை. மாற்ற இயலாது. மறு ஆய்வு வேண்டுமெனில் எங்கள் தூய்மை அலுவலருடன் காணொளியில் பேசவும்.'

தேர்வுக்கு ஏழு நாள் இருந்தபோது குடும்பமே சிக்னல் பாறையில் ஏறிற்று. திரையில் நீலாவதி என்கிற தூய்மை அலுவலர் தோன்றினார். சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்தார். குரலில் கோபமே இல்லை. கோபப்படுகிறவர்களைக் கூடச் சமாளித்துவிடலாம்.

"கறையை வைத்தவர் யார்?"

"நான்தாங்க," என்று அம்மாக்கண்ணு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இது சமையல் மஞ்சளா, பூசு மஞ்சளா?"

"எங்க கொல்லையில வெளஞ்சதுங்க. ரெண்டுக்கும் அதான்."

"என்ன நோக்கத்துக்காக வைத்தீர்கள்?"

"நல்லா ஓடணும்னு வெச்சேங்க."

"அதாவது, பயன்படுத்தும் நோக்கத்தோடு." நீலாவதி எதையோ தட்டச்சு செய்தார்.

"கால்ல போடறதுக்கு முன்னாடியே வெச்சதுங்க," என்றாள் கோகிலவாணி. "சாமிக்கு முன்னாடி வெச்சி, மஞ்ச வெச்சி, அப்புறந்தான் போட்டுப் பாத்தேன்."

"அப்படியானால் உங்களுக்கு முன்பே இந்தப் பொருள் வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. படிவத்தில் முதல் பயனாளர் பெயர் கேட்கிறது. யார் பெயரைப் போடுவது?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாமி ஷூ போடாதுங்க," என்றார் சின்னராஜ் கடைசியில்.

"நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது." நீலாவதி புன்னகை செய்தார். "மிச்சமேளா பண்பாட்டுக்கு எதிரான நிறுவனம் இல்லை. பொங்கலுக்குப் பானை படம் போட்டு நாற்பது சதவீதம் குறைக்கிறோம். ஆயுத பூஜை அன்று எங்கள் கிடங்கில் அத்தனை இயந்திரத்துக்கும் மஞ்சள் வைக்கிறோம். நானே வைத்திருக்கிறேன். ஆனால் அது நிறுவனத்தின் மஞ்சள். வாடிக்கையாளர் வைத்தால் அதற்குப் பெயர் கறை. இந்த வித்தியாசத்தை மக்களுக்குப் புரியவைக்க நாங்கள் எவ்வளவோ பாடுபடுகிறோம்."

அம்மாக்கண்ணு அன்று எல்லோருக்கும் முன்னால் பாறையிலிருந்து இறங்கினாள். வீட்டுக்கு வந்து மஞ்சள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நாற்பத்தைந்து வயசில் முதல் முறையாக அவளுக்கு அந்தக் கிண்ணத்தின் மேல் வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அதிசயம் நடந்தது. விஷயம் மேலிடம் வரைக்கும் போய், மலைவாழ் வாடிக்கையாளர் என்பதால் 'பண்பாட்டுக் கருணைத் திட்டம்' என்று ஒன்றை இவர்களுக்காகவே உண்டாக்கிவிட்டார்கள். பழைய ஷூ திரும்பிப் போனது. புதிய ஷூ கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தது. கூடவே, 'உங்கள் மிச்சம் ரூ.4,250 பத்திரமாக உள்ளது' என்றும் வந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள் பதினான்கு இருந்தன. பாறையில் வெயில் அடித்ததால் யாரும் படிக்கவில்லை.

தேர்வுக்கு முதல் நாள் ஷூ வேலூர்க் கிடங்குக்கு வந்து சேர்ந்திருந்தது. 'நாங்கள் வேலூர் வருகிறோம். கிடங்கிலேயே வந்து வாங்கிக்கொள்ளலாமா?' என்று கோகிலவாணி கேட்டாள். 'நிச்சயமாக! உங்கள் விருப்பம் பதிவு செய்யப்பட்டது!' என்றது மிச்சமித்ரா. பதிவு செய்வதும் நிறைவேற்றுவதும் வேறு வேறு இலாகா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அன்று பொழுது சாய அப்பாவும் மகளும் கண்ணமங்கலத்தில் பஸ் மாறக் காத்திருந்தபோது ஜீவானந்தம் கடையிலிருந்து கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். கோகிலவாணி போட்டுப் பார்த்தாள். கயிற்றைக் கட்டிக்கொண்டு கடைக்குள் இரண்டு தடவை நடந்தாள். ஒரு தடவை குதித்தும் பார்த்தாள்.

"இதுவே சரியா இருக்குதுப்பா."

"போட்டுக்கினு போ பாப்பா," என்றார் ஜீவானந்தம். "பணம் அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்கு அந்த ஷூ வந்துட்டா இத கொணாந்து குடுத்துடு. மஞ்ச இருந்தாலும் வாங்கிக்கறேன்."

சின்னராஜ் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கைபேசி மணி அடித்தது. 'உங்கள் மிச்சம் உங்களுக்கு மிக அருகில்! ஓர் இரவு தூரம்தான்!' அவருக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஷூவின் மேல் போட்டிருந்த அந்தக் கோடு கண்ணுக்குள் வந்து நின்றது. இத்தனை நாள் பட்ட பாடு, ஏறிய பாறை, இறங்கிய மலை எல்லாம் இந்த ஒரு ஜோடியால் வீணாகிவிடும் போலத் தோன்றியது. அதோடு, கடைக்காரரிடம் சும்மா வாங்கிப் போட்டுத் திருப்பிக் கொடுப்பதா என்று கூச்சமும் வந்தது.

"வேணாங்க," என்றார். "அது வேலூர் வந்துடுச்சி. காலைல போய் வாங்கினா முடிஞ்சிது. ரெண்டு ஷூ எதுக்கு?"

கோகிலவாணி உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தைச் சின்னராஜ் அதற்குப் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் விடிந்ததும் மகளை மைதான வாசலில் விட்டுவிட்டு, அவளுடைய கைபேசியை வாங்கிக்கொண்டு, சின்னராஜ் கிடங்குக்குப் போனார். வெயிலுக்காக மிச்சமேளா தொப்பியைப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் காவலாளி எழுந்து சலாம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்ததைச் சின்னராஜ் தாண்டிய பிறகுதான் பார்த்தார்.

கிடங்கு மேலாளர் தமிழ்மணி பூ வைத்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரஞ்சித்குமார் ஒரு வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பெட்டிதான். அதற்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. பெட்டியின் மேல் கோகிலவாணி, பலாமரத்தூர் என்று எழுதியிருந்தது.

"அதாங்க என்னுது," என்றார் சின்னராஜ். ஓட்டமாக வந்ததில் மூச்சு வாங்கியது. "குடுங்க. பொண்ணு மைதானத்துல நிக்கறா."

தமிழ்மணி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கதானா அது! ரொம்ப சந்தோஷம். ஆனா இங்க குடுக்க முடியாதுங்க. நிபந்தனை ஒன்பது. பண்பாட்டுக் கருணைத் திட்டத்துல வர்ற பார்சல வூட்டு வாசல்ல மட்டுந்தான் குடுக்கணும். போட்டோவோட."

"வூடு மலை மேல இருக்குதுங்க. பொண்ணு இங்க இருக்குது. ஷூவும் இங்க இருக்குது."

"அதத்தான் நாங்களும் சரி பண்றோம். ஷூவ மலைக்கு அனுப்பறோம்."

சின்னராஜ் தன் கண்முன் ஆறு அடி தூரத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "ஓடற எடம் இங்கருந்து அர மணி நேரங்க," என்றார். "போன தடவ வெறுங்கால்ல ஓடி கால் வெந்து போச்சி. இந்த வாட்டி போனா மில்லுக்குத்தான் போவணும். உங்களுக்குப் புண்ணியமா போவும்."

"நீங்க வேதனைப்படறது எனக்குப் புரியுது," என்றார் தமிழ்மணி. அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. "ஆனா ஒரு நிமிஷம் எங்க பக்கமும் நின்னு பாருங்க. மிச்சமேளா மலைக்குப் போறதில்ல, மலை ஜனங்கள ஏமாத்துதுன்னு போன மாசம் எங்க மேல எத்தன புகார்! இன்னிக்கு சரித்திரத்துலயே மொத மொதலா ஜவ்வாது மலையில வூட்டு வாசல்ல டெலிவரி. சென்னைல மொத்த ஆபீசும் திரைய பாத்துக்கினு ஒக்காந்திருக்குது. இந்த நேரத்துல இங்கயே குடுத்துட்டா, அப்புறம் மலைக்கு நாங்க எதுக்குப் போவணும்? ஷூ வெறும் பொருளுங்க. எந்தக் கடைலயும் கெடைக்கும். நாங்க குடுக்கறது சேவை. அதுக்கு ஷூ ஒரு சாக்கு, அவ்ளோதான்."

"பொண்ணு பதினோரு மணிக்கு ஓடணுங்க."

"தாராளமா ஓடட்டுங்க. நாங்க எங்க தடுத்தோம்?"

ரஞ்சித்குமார் முன்னால் வந்தார். "சார், அண்ணன் கைல குடுத்துடலாம் சார். நான் அப்புறமா மலைக்குப் போய் காலிப் பெட்டிய வெச்சி போட்டோ எடுத்துக்கறேன்."

தமிழ்மணி அவரை அருவருப்போடு பார்த்தார். "காலிப் பெட்டியா? நேர்மை வேணாமா ரஞ்சித்?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது பழைய கதை. இங்கே பூசாரியும் கொடுத்துவிடுவார் போலிருந்தது. நிபந்தனை ஒன்பதுதான் கொடுக்கவில்லை.

வண்டி வெளியே வந்ததும் சின்னராஜ் தெருமுனையில் நிறுத்தினார். ரஞ்சித்குமார் தலையைக் குனிந்துகொண்டார்.

"வண்டில கேமரா வெச்சிருக்காங்கண்ணா. மலைல இல்லாம வேற எங்க எறக்குனாலும் அவங்களுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா இன்னியோட வேல போய்டும். நீங்க சொன்னா குடுத்துடறேன்."

சின்னராஜ் பெட்டியின் மேல் கையை வைத்தார். உள்ளே ஷூ இருக்கும் கனம் கைக்குத் தெரிந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். ஒரு வேலைக்காக இன்னொரு வேலையைத் தின்பதா என்று நினைத்தார்.

"உனக்குப் புள்ள இருக்குதாப்பா?"

"ரெண்டுண்ணா."

"போய்ட்டு வாப்பா," என்று கையை எடுத்துக்கொண்டார்.

கையில் இருந்தது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன காசு. வேலூரில் எந்த ஷூ கடையும் பத்து மணிக்கு முன்னால் திறக்கவில்லை; திறந்த பிறகும் அந்தக் காசுக்கு ஷூ இல்லை. ஜீவானந்தத்தைப் போனில் கூப்பிட்டு அந்த ஜோடியைக் கொண்டுவரச் சொல்லலாம் என்று தோன்றியபோது நேரம் கடந்துவிட்டது; மைதானத்துக்குள் யாரையும் விடவில்லை. சின்னராஜ் மதிலோரம் வேப்பமர நிழலில் நின்றார். உள்ளே விசில் ஊதும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு விசிலுக்கும் அவர் உள்ளங்கால் கூசியது.

பன்னிரண்டரைக்குக் கோகிலவாணி வெளியே வந்தாள். பாதத்தைத் தரையில் பதிக்காமல், ஓரத்தால் நடந்து வந்தாள். சின்னராஜ் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"ரெண்டு செகண்டுப்பா."

"போன தடவ மூணு," என்றார் அவர். ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஆமா. ஒரு செகண்டு மிச்சம்."

அவள் சிரிக்க முயன்றாள்; முடியவில்லை. சின்னராஜ் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "நான்தாம்மா கெடுத்துட்டேன். நேத்தே அத வாங்கியிருக்கணும்," என்றார். கோகிலவாணி இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் நடந்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைபேசியில் படம் வந்தது. பலாமரத்தூர் வீட்டு வாசல். மாலை போட்ட பெட்டியைக் கையில் ஏந்தி, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அம்மாக்கண்ணு விறைத்து நின்றிருந்தாள். அவள் தலைக்கு மேல் பச்சை எழுத்தில், 'மலையேறிய மிச்சம்! வாழ்த்துகள் கோகிலவாணி! எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?' என்று கேட்டிருந்தது. அதற்கு அடுத்து இன்னொரு செய்தி. மிச்சக் கணக்குச் சொல்வதில் அது இருபத்து மூன்றாவது.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மகள் நடந்து வந்த விதத்தைப் பார்த்ததும் அம்மாக்கண்ணுவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை. பிரிக்காத பெட்டியைச் சாமிக்கு முன்னாலிருந்து எடுத்து வந்து வைத்தாள்.

"இந்த வாட்டி மஞ்ச வெக்கல," என்றாள் மெதுவாக. "நான் தொடக்கூட இல்ல. வேணாம்னா திருப்பிக் குடுத்துடலாம்."

கோகிலவாணி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். மைதானத்தில் வராத அழுகை அப்போது வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "கால் எரியுதும்மா, மஞ்ச கொழச்சி எடுத்துக்கினு வா," என்றாள். அம்மாக்கண்ணு கவிழ்த்து வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து, கொல்லை மஞ்சளை உரசி, வேப்பெண்ணெய் விட்டுக் குழைத்து, இரண்டு உள்ளங்காலிலும் தடவினாள். கொப்பளம் உடைந்த இடத்தில் படும்போதெல்லாம் கோகிலவாணி பல்லைக் கடித்தாள்.

தடவி முடிந்ததும் பெட்டியைத் திறந்தாள். ஷூ வெள்ளை வெளேரென்று இருந்தது. நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளேயும் வெள்ளை.

"கடைசியா வந்த மெசேஜ் இன்னாப்பா சொல்லுது?"

சின்னராஜ் எழுத்துக் கூட்டிப் படித்தார். "நாலாயிரத்து இருநூத்தம்பது மிச்சமாம். ஏழு நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாமாம். கறை மட்டும் இருக்கக் கூடாதாம்."

மஞ்சள் காயாத வலது காலை அவள் அந்த ஷூவுக்குள் விட்டாள். பிறகு இடது கால். வலியில் கண்ணை மூடித் திறந்தாள். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"அளவு சரியா இருக்குது," என்று சொல்லிவிட்டு, தடுமாறி எழுந்து வாசலுக்கு நடந்தாள்.